கிராமம் பார்க்கப் போன கதை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி, வஹகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் கிராமப்பணிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கிராமப்பணிக் குழுவின் அறிக்கையை வாசிக்கச் சொல்லித்தான் எங்களை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கு அச்சடித்து உங்கள் கைகளில் தரப்பட்டிருக்கிறது. அதை மறுபடி வாசித்து உங்களைத் தூங்க வைக்க எங்களுக்கு விருப்பமில்லை. கணக்கில் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல இந்த இடத்தைவிட நல்ல இடம் எங்களுக்குக் கிடைக்காது.

வஹகோட்டைக்கு நம்மில் பலர் முதன்முதலாக வந்தது பள்ளிக்கூட நாளில்தான். யூன் மாதத் திருவிழாவுக்கு பஸ் பிடித்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு, வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண் அப்பிக்கொண்டு வந்திருக்கிறோம். சிங்களத்தில் ஒரு பூசை, தமிழில் ஒரு பூசை. தோட்டங்களிலிருந்து வந்த சைவக் குடும்பங்கள் நமக்கு முன்னாலேயே மெழுகுதிரி ஏற்றிவிட்டு நிற்பார்கள். அந்தோனியாரிடம் யாரும் யாரையும் எந்த மதமென்று கேட்பதில்லை.

இந்த ஊரின் கதை நமக்கெல்லாம் தெரியும். கண்டி அரசர்களோடு நடந்த போர்களில் பிடிபட்ட போர்த்துக்கீசருடைய வழிவந்தவர்கள் இங்கே குடியேற்றப்பட்டார்கள் என்றும், குரு இல்லாமலேயே பல காலம் தங்கள் விசுவாசத்தைக் காத்து வந்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கோவாவிலிருந்து வந்த புனித யோசப் வாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். 1687 இல் ஒரு கூலியாள் போல வேடமிட்டு யாழ்ப்பாணத்தில் கரையிறங்கினார். 1692 இல் கண்டி இராச்சியத்துக்குள் வந்தார். வந்தவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். மாலை போட்டு யாரும் வரவேற்கவில்லை. 1711 இல் இறக்கும் வரை இந்த மண்ணை விட்டுத் திரும்பிப் போகவுமில்லை. 2015 இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நம் சங்கத்திலிருந்து இரண்டு பஸ் போனது ஞாபகம் இருக்கும்.

அவரோடு எங்களை ஒப்பிட்டுக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நாங்கள் போன விதம் நேர்மாறு.

மாத்தளை மாவட்டத்தில் ஒரு சிறு தோட்டப் பிரிவு. பெயர் வேண்டாம். 46 குடும்பங்கள். இலண்டன் கிளையும் ரொறன்ரோ கிளையும் இராப்போசன விருந்து வைத்துச் சேர்த்து அனுப்பிய பணத்தில், 2017 இல் அங்கே ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்தோம். 5000 லீற்றர் தாங்கி, மேலே மலையில் உள்ள ஊற்றிலிருந்து அதுவரை ஏறக்குறைய 700 மீற்றர் குழாய், லயத்துக்கு முன்னால் நான்கு இடத்தில் பைப். அதற்கு முன்பு பெண்கள் பீலிக்குத்தான் இறங்கிப் போய்த் தண்ணீர் அள்ள வேண்டும். கொழுந்தும் இறப்பர்ப் பாலும் எடுத்துவிட்டு வந்த கால்கள், மறுபடி குடத்தோடு இறங்கி ஏற வேண்டும். ஆகவே தண்ணீர் என்று நாங்கள் தீர்மானித்தது பிழையான தீர்மானமில்லை. அதை இன்றும் சொல்லுவோம்.

2018 ஓகஸ்ட் மாதம் வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து பதினான்கு சகோதரிகள் விடுமுறைக்கு வந்தார்கள். தாங்கள் கொடுத்த பணம் என்ன ஆனது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். அதில் பிழை என்ன? உழைத்துச் சேர்த்த பணம். குளிரில் நின்று றோல்ஸ் விற்றுச் சேர்த்த பணம். இரண்டு வான் பிடித்தோம். வருகிறோம் என்று மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியனுப்பினோம். நாங்கள் செய்த முதல் பிழை அதுதான் என்று இப்போது தெரிகிறது.

போய் இறங்கினால் வாழைமரம் கட்டியிருக்கிறது. தப்பு மேளம். பிள்ளைகள் இரு பக்கமும் வரிசையில், கையில் கொடி. ஒன்பது மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பதினொன்றரைக்குத்தான் போனோம், வழியில் தேநீருக்கு நின்றதால். அதுவரை பிள்ளைகள் வெயிலில் நின்றிருக்கிறார்கள். எங்களுக்கு மாலை, சந்தனம், பன்னீர். இரண்டு மேசை நிறையச் சாப்பாடு, கோழிக்கறியோடு. அன்றைக்கு வேலைநாள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து 730 ரூபாயாக இருந்த காலம் அது. வேலைக்குப் போகாதவர்களுக்கு அன்று பேர் விழாது என்பது எங்களுக்கு உறைக்கவேயில்லை. நம்மில் மூத்த ஒருவர் பைப்பைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. எல்லாரும் கை தட்டினோம். படம் எடுத்தோம். அந்தப் படம்தான் அந்த வருடச் செய்திமடலின் முகப்பில் வந்தது. உங்களில் பலர் இன்னும் வைத்திருப்பீர்கள்.

திரும்புகிற நேரம், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரிடம் ஒரு சிறுமி கேட்டாள். எட்டு வயது இருக்கும். "மிஸ், நாளைக்கும் வருவீங்களா? நீங்க வந்தாத்தானே பைப்புல தண்ணி வரும்?"

குழந்தை ஏதோ சொல்கிறாள் என்று முதலில் சிரித்துவிட்டார். வான் ஏறிய பிறகுதான் அந்த வார்த்தை அவரைக் குத்தத் தொடங்கியது. வானுக்குள் ஒருவரும் அதை நம்பவில்லை, அல்லது நம்ப விரும்பவில்லை.

நவம்பரில் எங்களில் மூன்று பேர் யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் போனோம். மிச்சத்தூரம் நடை. தாங்கி காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பல்லியும் கொஞ்சம் சருகும்.

நடந்தது இதுதான். ஊற்று இருந்த மேல்காணி வேறொருவர் கைக்கு மாறியிருக்கிறது. அவர் தன் மிளகுத் தோட்டத்துக்கு அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். எழுத்தில் எந்த அனுமதியும் நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை, வாய்ப்பேச்சோடு சரி. குழாயும் மண்ணுக்கு மேலேதான் போடப்பட்டிருந்தது. மாடும் பன்றியும் மிதித்து மூன்று இடத்தில் உடைந்திருந்தது. நாங்கள் போன அந்த ஓகஸ்ட் நாளுக்கு முந்திய இரவு, பெண்கள் பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து தாங்கிக்குள் ஊற்றியிருக்கிறார்கள். நூறு வாளிக்கு மேல். டோர்ச் வெளிச்சத்தில். அந்த மேட்டை இப்போது ஏறிப் பார்த்துவிட்டு வந்த நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டோம், "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று. ஒரு அம்மா சொன்ன பதில்: "தூரத்துலருந்து வர்றவங்க. மனசு நோகக் கூடாதுன்னுதான்."

சகோதரிகளே, இந்தச் செய்தி அந்த வருட அறிக்கையில் வரவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று குழுவுக்குள் சண்டையே நடந்தது. எழுதினால் அடுத்த வருடம் யாரும் பணம் தரமாட்டார்கள் என்றார்கள் சிலர். எழுதாமல் விட்டது நாங்கள்தான். இன்று சொல்கிறோம். அந்த முகப்புப் படத்தில் விழுந்த தண்ணீர் நாங்கள் கொடுத்த தண்ணீரில்லை. எங்களுக்காக அவர்கள் சுமந்த தண்ணீர்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. வெட்கம் ஒரு காரணம். இதை மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தொடங்கினோம். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்தில் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். சாதியின் பெயரால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்த மக்களின் கிராமம் அது. ஏ. ரி. ஆரியரத்ன என்ற அந்த ஆசிரியர்தான் பின்னாளில் சர்வோதய சிரமதான இயக்கத்தை நாடு முழுக்க வளர்த்தவர். 2024 ஏப்ரலில் காலமானார். அன்று போன பிள்ளைகள் பார்வையிடப் போகவில்லை. அங்கேயே தங்கினார்கள், கிணறு தோண்டினார்கள், அந்த வீட்டு மக்களோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். 1958 இல் அது சாதாரணக் காரியமில்லை. சிரமதானம் என்ற சொல் நம் தமிழிலும் ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான். இன்று வடிகான் துப்புரவு செய்தாலும் சிரமதானம் என்கிறோம்.

அதே இயக்கம் வளர்ந்த பிறகு அதற்கும் ஒரு சோதனை வந்தது. 1980களில் நெதர்லாந்தின் நோவிப் உள்ளிட்ட வெளிநாட்டு உதவி அமைப்புகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து பணம் கொடுத்தன. பணத்தோடு கண்காணிப்புக் குழுக்களும் வந்தன. எத்தனை கிராமம், எத்தனை கிணறு, எத்தனை கடன் என்று எண்ணிக்கை கேட்டார்கள். 1990களில் பணம் வெகுவாகக் குறைந்தபோது இயக்கம் பெரிதும் தடுமாறியது. எங்களுடையது எம்மாத்திரம்? இராப்போசன விருந்துப் பணம். ஆனாலும் நாங்களும் எண்ணிக்கைதான் கேட்டிருந்தோம். பைப் நான்கு என்று அறிக்கையில் எழுதினோம். ஆறு மாதம் கழித்து அதில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் விடவில்லை.

தமிழ்நாட்டில் இரண்டு இடங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் இருக்கும் நம் சகோதரிகள் அனுப்பிய புத்தகங்களிலிருந்து தெரிந்துகொண்டவை.

விநோபா பாவே 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதான இயக்கத்தில் ஏராளமான காணி ஏழைகளுக்கென்று தானமாகக் கிடைத்தது. ஆனால் தானம் கொடுக்கிறவர்கள் நல்ல காணியையா கொடுப்பார்கள்? பெரும்பகுதி முள்ளும் கல்லும். காணி கிடைத்தும் கிணறு இல்லை, மாடு இல்லை, விதை இல்லை. இத்தாலியில் சான்ரெமோ நகரில் மெய்யியல் படிப்பித்த ஜொவான்னி எர்மீலியா என்ற பேராசிரியர், காந்தியின் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தவர், இந்தத் தரிசுக் காணிகளைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பித் தன் நண்பர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். தென் தமிழ்நாட்டில் சேவலூரில் 1960களின் முடிவில் முதல் பண்ணை எழுந்தது. அசேபா என்று இன்று அறியப்படும் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. இத்தாலியக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பின. பிறகு பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆதரவாளர்கள் சேர்ந்தார்கள். அவர்களும் பார்க்க வருகிறார்கள். எங்களைக் கவர்ந்தது வேறு. எர்மீலியா ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போனவரில்லை. முதுமை வரை திரும்பத் திரும்ப வந்தவர். நிலத்தில் வேலையை நடத்தியவர்களும் தமிழ்நாட்டுச் சர்வோதய ஊழியர்களே. பணம் தந்தவர்கள் பயிர் என்ன என்று தீர்மானிக்கவில்லை.

மற்றது நாகப்பட்டினம் பக்கம். 1968 டிசம்பர் 25 இரவு, நாம் இங்கே நத்தார் கொண்டாடிய அதே நாளின் இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். அனுதாபம் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. அந்த மாவட்டத்திலேயே வாழத் தொடங்கினார்கள். 1981 இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களோடு பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, காணியை விலைக்கு வாங்கி, ஆளுக்கு ஒரு ஏக்கர் அளவில் நிலமற்ற பெண்களின் பெயரில் பதிவு செய்தார்கள். அப்படிப் பத்தாயிரத்துக்கும் அதிகமான ஏக்கர் கைமாறியிருக்கிறது. பெண்களின் பெயரில் என்பதைக் கவனியுங்கள். குடித்துவிட்டு விற்க முடியாது என்பதற்காக.

இதை வாசித்த இரவு எங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "நாங்கள் அந்தச் சனங்களுக்குத் தாங்கி கட்டிக் கொடுத்தோம். தாங்கி நிற்கிற நிலம் அவர்களுடையதில்லையே." தோட்டத்தில் வாழ்கிற நம் மக்களில் பெரும்பாலோருக்கு வீடும் சொந்தமில்லை, வாசலும் சொந்தமில்லை. மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களின் வம்சம். வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் நடந்தார்களே, அந்த நடைபயணத்தில் நம் சகோதரிகள் சிலரும் தம்புள்ளையிலிருந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு குழாயைப் புதைப்பதற்கே எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆகவே இரண்டாம் முறை நாங்கள் பொருள் எதுவும் கொண்டு போகவில்லை. உட்கார்ந்து கேட்டோம். அவர்களே ஒரு தண்ணீர்க் குழு அமைத்தார்கள்: ஏழு பேர், அதில் ஐந்து பேர் பெண்கள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். காணிக்காரரோடு பேசியது அவர்கள்; பிரதேச செயலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கடிதம் எழுதியது நாங்கள். அது ஒன்றுதான் எங்களுக்கு அவர்களைவிட நன்றாக வரும். அருட்சகோதரிகள் அடித்து அடித்துச் சொல்லித் தந்த கடிதம் எழுதும் முறை வீண் போகவில்லை. பதினான்கு மாதம் இழுத்தது. மிளகுக்கு ஒரு பங்கு, சனங்களுக்கு இரண்டு பங்கு என்று தண்ணீரைப் பிரிக்க எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். 2020 சனவரியில் குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் சம்பளம் போகாத நாள். நம்மில் பதினொரு பேர் போனோம். மண்வெட்டி பிடித்து அரை மணியில் கை கொப்பளித்ததையும், லயத்துப் பெண்கள் பார்த்துச் சிரித்ததையும் மறைக்கமாட்டோம். மத்தியானம் ரொட்டியும் சம்பலும். அவர்கள் சுட்டது, எங்கள் மா.

2022 இல் நாடே நிலைகுலைந்து குழாய் விலை எங்கோ போனபோது, ஊற்றடியில் மண் சரிந்து குழாய் உடைந்தது. எங்களுக்குச் செய்தி வந்தது திருத்தி முடித்த பிறகு. குழுவிடம் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்திருந்தது. "உங்களுக்கும் அங்க கஷ்டந்தானே, அதான் சொல்லல" என்றார்கள். ஒரு கணம் எங்களுக்கு அந்தப் பழைய இரவு ஞாபகம் வந்து வயிறு கலங்கிவிட்டது. மறுநாளே ஒருவர் போய்ப் பைப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். சந்தேகம் அவ்வளவு லேசில் போவதில்லை. தண்ணீர் வந்தது.

இனி, வெளிநாட்டிலிருந்து வருகிற சகோதரிகளுக்கு. வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வராமல் இருந்தால் அந்தச் சிறுமியின் கேள்வி எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் வாருங்கள். நான்கு பேருக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். சாப்பாட்டை நாங்கள் கொண்டு போவோம். மாலை போட வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். மனம் நோகும் என்று பயந்து கழுத்தை நீட்டாதீர்கள். பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன் தாயிடம் கேளுங்கள். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் வந்து படம் எடுத்தால் நாம் விடுவோமா? முடிந்தால் இரண்டாம் முறையும் வாருங்கள். முதல் முறை வருகிறவருக்கு ஒருவரும் உண்மை சொல்வதில்லை.

நூற்றாண்டு நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இன்று பின்னேரம் பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. அந்தப் பிரிவில் ஒரு நூற்றாண்டு மண்டபம் கட்டி, கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறிக்கலாம் என்பது ஒரு பிரேரணை. நல்ல மனத்தோடு வந்த பிரேரணை. தண்ணீர்க் குழுவிடம் கேட்டோம். மண்டபம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். மூன்று முறை கேட்டபிறகு சொன்னார்கள். சாதாரண தரம் வரை போன பிள்ளைகள் கணிதத்தில் தவறி நின்றுவிடுகிறார்கள். மாலையில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லித்தர ஆள் வேண்டும். பிள்ளை மடுவத்திலேயே வகுப்பு நடத்தலாமாம். மேசையும் விளக்கும் போதுமாம். ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் ஐந்து வருடத்துக்கு. கல்வெட்டில் பொறிக்க அதில் ஒன்றும் இல்லை. எங்கள் குழுவின் வாக்கு இதற்குத்தான். ஆனால் வாக்கு உங்களுடையது. எங்களுக்குள்ளேயே இருவர் மண்டபத்துக்குத்தான் நிற்கிறார்கள், அவர்களும் பேசுவார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற இருபத்திரண்டு பேரை நீங்கள் தோட்டத்திலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பீர்கள். அவர்கள் அந்தப் பிரிவிலிருந்து வந்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குப் பாதிக் காசு அவர்களுடையது. நம்மைப் பார்க்க வேண்டும், நாம் எப்படி நூறு வருடம் கொண்டாடுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எட்டு வயதில் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையும் வந்திருக்கிறாள். இந்த உரையை முழுவதும் முதலில் அவர்களுக்கு வாசித்துக் காட்டி, சொல்லலாமா என்று கேட்டுத்தான் இங்கே சொன்னோம். வாளிக் கணக்கை மட்டும் திருத்தினார்கள். நாங்கள் எண்பது என்று எழுதியிருந்தோம்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. மரத்தடியில் பாய் விரித்திருக்கிறது. கிளை கிளையாகப் பிரிந்து உட்காராமல் அவர்களோடு கலந்து உட்காருங்கள். பொதுக்கூட்டம் இரண்டரைக்கு.